பைனரி மரம் ஏறத் தெரியாதவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் குரோமில் பக்கம் திறக்கக் காத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களில் ஒருவர்.

பெறுநர்: உயர்திரு ஆட்சேர்ப்புக் குழுவினர், கூகுள் நிறுவனம், மவுண்டன் வியூ, கலிபோர்னியா.

பொருள்: வெப் டெவலப்பர் பணிக்கான நேர்காணல் – தங்கள் அளவுகோலால் தங்களையே ஒருமுறை அளந்துகொள்ளக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிறுவனத்தார் அவ்வப்போது தாங்களாகவே பொதுவில் சொல்லிவிட்டவை.

ஐயா / அம்மையீர்,

இந்தக் கடிதத்தோடு பயோடேட்டா எதுவும் இணைக்கப்படவில்லை. இது வேலை கேட்டு வந்த கடிதம் இல்லை, கிடைக்காத வேலைக்காக அழுகிற கடிதமும் இல்லை. தாங்கள் ஊருக்குச் சொல்லும் உபதேசத்தைத் தங்களிடமே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கலாமே என்கிற ஆசைதான். வலைப்பக்கம் செய்து பிழைக்கிற அத்தனை பேருக்கும் இன்று வாத்தியார் தாங்கள். 2020இல் ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ என்று ஒரு சட்டப் புத்தகம் போட்டீர்கள். மறு ஆண்டே அதைத் தேடல் தரவரிசையோடு முடிச்சுப் போட்டீர்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும். படிக்கிறபோது வரிகள் இடம் மாறிக் குதிக்கக் கூடாது. பட்டனைத் தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் அசைவு தெரிய வேண்டும். இது 2024இல் சேர்ந்த விதி. இவற்றையெல்லாம் விடத் தாங்கள் அழுத்திச் சொல்வது, லேப் டேட்டா வேறு, ஃபீல்டு டேட்டா வேறு என்பதை. ஒரு டெவலப்பர் தன் விலை உயர்ந்த லேப்டாப்பில், வேகமான இணைப்பில், லைட்ஹவுஸ் கருவியை ஓட்டி நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் தாங்கள் மசிவதில்லை. மலிவு விலை போனில், ஓடும் பேருந்தில், சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் நிஜமான மனிதர்களுக்கு அந்தப் பக்கம் எப்படித் திறந்தது என்று 28 நாள் கணக்கெடுக்கிறீர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்காவது அது ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்த்துத்தான் மார்க் போடுகிறீர்கள். அருமையான விதி. அதைத் தங்கள் நேர்காணல் அறைக்குள் மட்டும் ஏன் விடுவதில்லை என்பதே இந்த விண்ணப்பம்.

தாங்கள் ஆள் எடுக்கும் முறை உலகறிந்தது. முக்கால் மணி நேரச் சுற்றுகள் நாலைந்து. எதிரே முன்பின் தெரியாத ஒருவர். கையில் மார்க்கரும் முன்னால் வெள்ளைப் பலகையும், இல்லாவிட்டால் திரையில் ஒரு வெற்று டாக்குமென்ட். எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்க வழியில்லாத அந்த டாக்குமென்ட்டில்தான் தங்கள் தொலைபேசிச் சுற்றுகள் நெடுநாள் நடந்தன. மரம், கிராஃப், டைனமிக் புரோகிராமிங் என்று கேள்விகள் போகும். வாய்விட்டு யோசிக்க வேண்டும். யோசிக்கிறபோது பதற்றம் முகத்தில் தெரியவும் கூடாது. ஃப்ரன்ட் எண்ட் வேலைக்கு ஜாவாஸ்கிரிப்டும் கேட்கிறோமே என்பீர்கள். கேட்கிறீர்கள், மறுக்கவில்லை. அல்காரிதம் சுற்றில் தடுக்கி விழுந்தவரை அவருடைய சிஎஸ்எஸ் திறமை தூக்கி நிறுத்துமா என்பது தங்களுக்கே வெளிச்சம். கடைசியில் நேர்காணல் செய்தவர்கள் எழுதிய குறிப்புகளெல்லாம் ஒரு கோப்பாகி, அந்த ஆளை ஒருநாளும் நேரில் பார்த்திராத தங்கள் குழுவின் மேசைக்கு வருகின்றன. பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் ஒரு காலத்தில் இருந்தது. பாடித் தேறிய பெண் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனை முறை பாடினாள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால் வழக்கம் அன்றைக்கே ஒழிந்திருக்கும்.

தாங்கள் கணக்கே எடுக்காதவர்கள் என்று சொன்னால் அது அபாண்டம். எடுத்தீர்கள், அதுதான் வேடிக்கை. 2004இல் சிலிக்கான் பள்ளத்தாக்கின் 101ஆம் நெடுஞ்சாலையோரம் நிறுவனத்தின் பெயர்கூடப் போடாமல் ஒரு விளம்பரப் பலகை வைத்தீர்கள். கணித மாறிலியான ‘இ’யின் இலக்க வரிசையில் முதலில் வரும் பத்து இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்தால் அதுவே ஒரு இணைய முகவரி, விடை 7427466391. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற விடுகதைகளுக்கும் தங்கள் நேர்காணல்கள் பேர் போனவை. பிறகு 2013இல் தங்கள் மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். அந்த விடுகதைகள் வெறும் நேர விரயம், கேட்கிறவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ள மட்டுமே உதவுகின்றன என்று போட்டு உடைத்தார். அதோடு விட்டாரா? பல்லாயிரம் நேர்காணல்களை எடுத்து, யார் என்ன மதிப்பெண் கொடுத்தார்கள், எடுக்கப்பட்டவர் பின்னால் எப்படி வேலை செய்தார் என்று ஒப்பிட்டோம், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றார். ஒரே ஒருவருடைய மதிப்பீடு மட்டும் பலித்ததாம். அவர் தான் கரைத்துக் குடித்த ஒரு தனித் துறைக்கு மட்டும், அந்தத் துறை ஆட்களை மட்டும் நேர்காணல் செய்தவர். இந்த ஒரு வாக்கியத்தைத் தங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டாமா? வேலையைப் பற்றிக் கேட்டவரின் கணிப்பு பலித்தது. மற்றவர்களுடையது சீட்டுக் குலுக்கல்.

அதன் பிறகு திருந்திவிட்டோம் என்று தாங்கள் சொல்வதில் உண்மை உண்டு. விடுகதைகளை விலக்கினீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேள்வி, ஒரே மாதிரி மதிப்பீட்டுப் படிவம் என்று முறைப்படுத்தினீர்கள். ஒருவருக்கு 25 நேர்காணல்வரை நடந்த காலத்தை முடித்து, நாலு போதும் என்றீர்கள். நாலு பேர் பார்த்தாலே 86 சதவீத உறுதி கிடைத்துவிடுகிறது, ஐந்தாமவரால் கூடுவது ஒரு சதவீதம்தான் என்பது தங்கள் சொந்த ஆய்வு. நல்லதுதான். எதைப் பற்றிய உறுதி அது? ஆளை எடுக்கலாமா வேண்டாமா என்கிற தீர்ப்பைப் பற்றியது. அந்த ஆள் இரண்டு வருடம் கழித்து என்ன கிழித்தார் என்பதைப் பற்றியது இல்லை. நீண்ட பரீட்சை சொல்லப்போவதைக் குறுகிய பரீட்சையே சொல்லிவிடுகிறது என்று நிரூபித்திருக்கிறீர்கள். லேப் டேட்டாவை இன்னும் சிக்கனமாக எடுக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு மேல் இதில் நான் காணும் சேதி இல்லை.

முறைப்படுத்திய நேர்காணலை ஆராய்ச்சியே ஆதரிக்கிறதே என்று தங்களில் படித்தவர்கள் கேட்பார்கள். ஆதரிக்கிறது. ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் எழுதிய கட்டுரை, வேலையின் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்லும் தேர்வை முதல் வரிசையில் வைத்தது. 2022இல் சாக்கெட் குழுவினர் அதே கணக்கைத் திருத்திப் பார்த்தபோது முறைப்படுத்திய நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. பொது அறிவுத்திறன் தேர்வு இறங்கியது, வேலையோடு ஒட்டிய தேர்வுகள் மேலே நின்றன. ஆனால் அந்த ஆய்வாளர்கள் சொல்லும் முறைப்படுத்துதல் என்பது முதலில் வேலையை அலசி, அதிலிருந்து கேள்வியை எடுப்பது. சம்பந்தமில்லாத ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்பதற்குச் சீருடை என்று வேண்டுமானால் பெயர் வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020இல் 48 பேரை வைத்து ஒரு சோதனை செய்தன. ஒரு பாதி வழக்கம்போல வெள்ளைப் பலகை முன்னால், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு யோசித்தது. மறுபாதி தனி அறையில் அதே கணக்கைப் போட்டது. பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவரும் தேறவில்லை, தனி அறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். சின்ன ஆய்வு, இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் தாங்கள் அளப்பது அல்காரிதத்தையா, கூச்சத்தையா என்று சந்தேகப்பட இது போதும்.

இந்த விவகாரத்தின் புகழ்பெற்ற சாட்சியையும் அழைத்துவிடுகிறேன். மேக் கணினியில் நிரல் எழுதுகிறவர்களின் அன்றாடக் கருவியான ஹோம்ப்ரூவை 2009இல் உருவாக்கியவர் மேக்ஸ் ஹோவெல். தங்கள் பொறியாளர்களில் 90 சதவீதம் பேர் நான் எழுதியதைப் பயன்படுத்துகிறார்கள், பலகையில் ஒரு பைனரி மரத்தைத் திருப்பிப் போடத் தெரியாததால் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று 2015இல் அவர் ட்விட்டரில் குமுற, உலகமே சேர்ந்து சிரித்தது. (திருப்பிப் போடுவது என்றால் பெரிய கம்பசூத்திரம் இல்லை, ஒவ்வொரு கிளையிலும் இடது வலதை மாற்றுவது. நாலைந்து வரி நிரல்.) பின்னால் அவரே நிதானமாக யோசித்து, அந்த ட்வீட் நியாயமானதில்லை, கணினி அறிவியலில் எனக்குப் போதாமை உண்டுதான் என்று எழுதினார். ஆகவே அவரைத் தியாகியாக்க நான் வரவில்லை. தங்களுக்குச் சாதகமான சாட்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன்: அவருக்கு மரம் தெரியவில்லை. தெரியாமலேயே தங்கள் அலுவலகத்தில் தினமும் ஓடுகிற ஒரு பொருளைச் செய்திருக்கிறார். லேப் டேட்டா ஒன்று சொல்கிறது, ஃபீல்டு டேட்டா வேறொன்று சொல்கிறது. ஒரு வலைத்தளத்துக்கு இப்படி நேர்ந்தால் எதை நம்ப வேண்டும் என்று தங்கள் வழிகாட்டிப் பக்கங்களே சொல்கின்றன.

அடிப்படை தெரியாதவர் பெரிய இடத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பார் என்பது தங்கள் தரப்பின் வலுவான வாதம். அதை நான் மதிக்கிறேன். மரம் வெப் டெவலப்பருக்கு வேண்டாத சரக்கு என்று சொல்பவர்கள் கட்சியில் நான் இல்லை. பிரௌசர் ஒரு பக்கத்தை வைத்திருப்பதே மரமாகத்தான். டாம் என்கிற அந்த மரத்தில்தான் அவர் நாள் முழுக்கக் குடியிருக்கிறார். உள்கிளையில் விழுந்த கிளிக் எப்படி மேலேறிப் போகிறது, நடுவில் ஒரு கிளையை வெட்டி ஒட்டினால் கீபோர்டு ஃபோகஸ் எங்கே தொலைகிறது என்று கேளுங்கள். மரமும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. தங்கள் பாணிக் கேள்வியே அடிப்படையை எப்படி நழுவ விடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஒரு சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பு என்பது நேர்காணல் பயிற்சியில் பாலபாடம். எழுத்துகளைப் பிரி, வரிசையை மாற்று, ஒட்டு. ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரி, பயிற்சி எடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார். அந்த வரியில் ‘தமிழ்’ என்று கொடுத்துப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. திருப்பிப் போட்டால் புள்ளி ஒட்ட ஆளில்லாமல் முதலில் வந்து நிற்கும், மகரத்தின் கொக்கி ழகரத்தில் ஏறிக்கொள்ளும், கிடைப்பது புள்ளியும் ‘ழிமத’வும். நியாயமாக வர வேண்டியது ‘ழ்மித’. இதே கோளாறுதான் தலைப்பை இருபது எழுத்தில் வெட்டு என்று சொன்ன இடத்தில் கொம்போ புள்ளியோ இழந்து நிற்கும் தமிழ்ச் செய்தித் தலைப்புகளில் தெரிகிறது. எழுத்தை எழுத்தாகப் பிரிக்கத் தங்கள் குரோமிலேயே 2020 முதல் வசதி இருக்கிறது. அதைத் தெரிந்தவர், ‘எந்த மொழிச் சொல்?’ என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறதா? தங்கள் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர் என்பதால் இந்த உதாரணம் அவருக்காவது சுருக்கென்று தைக்கும் என்று நம்புகிறேன்.

உண்மையில் வலைக்கு எங்கே வலிக்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 சதவீதத்தில் மாற்றுத் திறனாளிகளைத் தடுக்கும் குறைகள் தானியங்கிச் சோதனையிலேயே பிடிபட்டன. பின்னணியோடு கலந்துபோகும் வெளிறிய எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம், பெயர் இல்லாத பட்டன். எதற்கும் டைனமிக் புரோகிராமிங் தேவையில்லை. தெரியாததால் விட்டுப்போனவை, அல்லது தெரிந்தும் யாரும் கேட்காததால் விட்டுப்போனவை. ஒரு பெரிய நிறுவனம் நேர்காணலில் எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஊரே உட்கார்ந்து படிக்கிறது என்கிறபோது, இதில் தங்களுக்குப் பங்கே இல்லை என்று கைகழுவ முடியாது.

தவறான ஆளை எடுத்துவிடுவதைவிட நல்ல ஆளை விட்டுவிடுவது மேல் என்பது தங்கள் அடுத்த கோட்டை. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் வருகிற இடத்தில் பத்து நல்லவர் போனால் என்ன, பதினோராவது நல்லவர் வரிசையில் நிற்பார். தங்கள் கல்லாவுக்கு இது சரியான கணக்கு. ஆனால் விட்டுப்போனவர் நல்லவரா இல்லையா என்று பார்க்காமலேயே முறை சரியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தோற்றவர்களின் பின்கதை தங்களிடம் இல்லை. ஒருமுறை எட்டிப் பார்த்தீர்கள். 2010இல், ஒதுக்கிவைத்த 3 லட்சம் மென்பொருள் பொறியாளர் பயோடேட்டாக்களைத் திரும்ப அலசி, 10,000 பேரை மறுபடி பரிசீலித்து, 150 பேரை எடுத்ததாகப் பாக் தன் புத்தகத்தில் எழுதுகிறார். நூற்றுக்கு ஒன்றரை. தங்கள் வழக்கமான விகிதம் நூற்றுக்குக் கால். குப்பைக் கூடையில் ஆறு மடங்கு விளைச்சல் என்றால், கூடையில் போட்ட கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? தங்கள் குழுவொன்றில் இருந்த முன்னாள் பொறியாளர் பொது மேடையில் சொன்ன கதை இன்னும் ருசி. ஆட்சேர்ப்பு அலுவலர் ஒருமுறை சில கோப்புகளைப் பெயர் நீக்கிக் கொடுத்தாராம். குழுவினர் வழக்கமான கண்டிப்போடு பார்த்து நிராகரித்தார்கள். அவை அவர்கள் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதப்பட்ட அவர்களுடைய கோப்புகளே.

விட்டுப்போகிறவர்களின் செலவு தங்கள் புத்தகத்தில் ஏறாது என்பதற்காக அது செலவே இல்லை என்று ஆகிவிடாது. இந்தப் பரீட்சைக்கென்றே புத்தகங்கள் உண்டு; தங்களிடம் வேலை பார்த்த ஒருவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் ஆறாம் பதிப்பில் மட்டும் 189 கேள்விகள். லீட்கோட் என்றொரு தளமே இதற்காக இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் மாதக்கணக்கில் உருப்போட முடிகிறவர் யார்? கல்லூரியை விட்டு நேற்று வந்தவர், வீட்டில் கைக்குழந்தையோ படுத்த தாயாரோ இல்லாதவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஆகவே பாகுபாடு இல்லை என்ற வாதம் இங்கேதான் நொண்டுகிறது. நாற்பது வயதைத் தாண்டிய விண்ணப்பதாரர்கள் வயதைக் காரணம் காட்டித் தொடுத்த வழக்கைத் தாங்கள் 2019இல் 1.1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தீர்கள். குற்றச்சாட்டை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறேன்.

வீட்டுப்பாடமாக வேலை கொடுக்கலாம் என்பது சிலர் சொல்லும் மாற்று. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை; ஒரு வாரக் கூலியில்லா உழைப்பைத் தேர்வு என்ற பெயரில் வாங்குவது இதைவிட மோசம். போதாக்குறைக்கு இன்று அதை ஏஐ செய்து கொடுத்துவிடும். அந்த ஏஐ வந்து தங்கள் பரீட்சையையும் சந்திக்கு இழுத்திருக்கிறது. திரைக்கு அப்பால் இருப்பவர் யோசிக்கிறாரா, வேறொரு ஜன்னலில் வந்த விடையை வாசிக்கிறாரா என்று தெரியாமல் போனதால், குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் வைக்கப்போவதாக 2025இல் சுந்தர் பிச்சை சொன்னார். அதே பிச்சைதான் 2024 அக்டோபரில், கூகுளில் எழுதப்படும் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் ஏஐ எழுதி, பொறியாளர்கள் பார்த்து ஒப்புதல் தருவது என்றும் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உள்ளே வேலை, இயந்திரம் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது. வாசலில் பரீட்சை, இயந்திரம் நொடியில் எழுதுவதை மனிதர் வியர்வை சிந்தி எழுதிக் காட்டுவது.

நேரில்தான் அழைக்கப்போகிறீர்கள் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் ஓர் உடைந்த பக்கத்தை முன்னால் வையுங்கள். ஒரு தேடல் பெட்டி போதும். பயனர் ‘சென்’ என்று அடிக்கிறார், தொடர்ந்து ‘சென்னை’ என்று முடிக்கிறார். இரண்டாவது கோரிக்கையின் பதில் முதலில் வந்துவிட, தாமதமாக வந்த ‘சென்’னின் பதில் அதை அழித்துக்கொண்டு உட்காருகிறது. பரிந்துரைப் பட்டியல் விரியும்போது கீழே உள்ள பத்தி எகிறுகிறது. அழிக்கும் குறி, பட்டன் வேஷம் போட்ட வெறும் டிவ்; டேப் விசைக்கு அது அகப்படாது. டெவ்டூல்ஸ் திறந்திருக்கட்டும், ஆவணங்களைப் புரட்டட்டும், ஏஐயிடம்கூடக் கேட்கட்டும். அது தரும் பதிலில் எது பொய் என்று அவர் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். இதையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்களே என்றால், வரட்டும். மனப்பாடம் செய்தவர் சேர்ந்த முதல் வாரமே அது பயன்படும்.

இந்தப் புதிய முறையையும் தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. இணைப்புக்கு எந்த நீலம் போடுவது என்று 41 சாயல்களைப் பயனர்கள் மேல் சோதித்துப் பார்த்த நிறுவனம் தங்களுடையது. ஆள் எடுப்பதில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். அல்காரிதம் சுற்றில் கோட்டுக்குச் சற்றே கீழே விழுந்த வெப் டெவலப்பர்களில் சிலரை ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் எடுங்கள். யார் அப்படி வந்தவர் என்று மேலாளருக்குத் தெரிய வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்து, கோட்டுக்குச் சற்றே மேலே நின்றவர்களோடு அவர்களின் வேலையை ஒப்பிடுங்கள். மேலே நின்றவர்கள் தெளிவாக ஜெயித்தால் இந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடலாம், நானும் மறுபேச்சுப் பேச மாட்டேன். வித்தியாசமே தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதைத் தாங்கள் முடிவெடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அதற்கு ஒரு குழு போடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பயனர்.

நகல்: கோர் வெப் வைட்டல்ஸ் குழுவினருக்கு – தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.